காரின் 'ரூம் லைட்'டை வீட்டிலேயே மாற்றலாம்!
ஒயரை வெட்டினால்தான் வம்பு

பரங்கிப்பேட்டை,

நடுராத்திரி. பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சாவியைத் திருகினால் 'கடகட' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. என்ஜின் அசையவில்லை!

என்ன காரணம்? முந்தாநாள் சாயங்காலம் அரிசி மூட்டையை இறக்கியவர்கள் உள்ளே எரிந்த விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். பேட்டரி காலி!

கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. இதற்கு ஒரு சின்ன வைத்தியம் இருக்கிறது. உள்ளே உள்ள பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போடுவதுதான் அது.

கணக்கைப் பாருங்கள்

பழைய கார்களில் கூரை விளக்கு 5 முதல் 10 வாட் வரை இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் 10 வாட் பல்பு மணிக்கு 0.8 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். ஒன்றரை நாள் எரிந்தால் 30 ஆம்பியர் போச்சு! சின்னக் காரின் பேட்டரியே 35 ஆம்பியர்தான். அப்புறம் ஸ்டார்ட் ஆவது எங்கே?

அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. ஒரு வாட் அளவில்தான் எடுக்கும். அதே ஒன்றரை நாளில் 3 ஆம்பியர் போகும். வண்டி கிளம்பிவிடும்.

2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபிறகு வீடுகளில் குண்டு பல்பு அநேகமாக ஒழிந்துவிட்டது. பழைய காருக்குள் மட்டும் அது இன்னும் மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருக்கிறது!

எப்படி மாற்றுவது?

முதலில் சாவியை எடுங்கள். விளக்கு ஸ்விட்சை அணையுங்கள். பியூஸ் பெட்டி மூடியில் படம் இருக்கும். அதைப் பார்த்து உள்விளக்கு பியூசை உருவிவிடுங்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரம் ஆறட்டும். சூடு கையைச் சுட்டுவிடும்.

விளக்கின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் உடையும். பழைய ஏ.டி.எம். கார்டு போதும். ஒரு ஓரத்தில் செருகி மெல்லத் தூக்கினால் 'டப்' என்று வந்துவிடும்.

உள்ளே இருப்பது இரண்டு ரகம். ஒன்று, இரண்டு முனையிலும் தகடு உள்ள குழாய் போன்ற பல்பு. 31, 36, 41 மில்லி மீட்டர் என்று அளவு உண்டு. இன்னொன்று, அடியில் தகடே இல்லாத கண்ணாடி பல்பு. பழைய பல்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். "சின்னதா ஒரு பல்பு குடுங்கண்ணே" என்றால் ஏதோ ஒன்றைத்தான் தருவார்கள்!

புது பல்பைப் போட்டும் எரியவில்லையா? பதற வேண்டாம். எல்.இ.டி.யில் கரண்ட் ஒரு பக்கமாகத்தான் போகும். திருப்பிப் போட்டால் எரியும். வெளிச்சம் வரும் முகம் கீழே பார்க்க வேண்டும்.

வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரை வரும். நடைபாதையில் விற்கும் மட்டமான பல்பு அதைத் தாங்காது. அணைத்த பிறகும் லேசாக மினுக்கினால் பயப்பட வேண்டாம். சில புதுக் கார்களில் சிறு கசிவு கரண்டுக்கே எல்.இ.டி. மினுக்கும்.

உப்புக் காற்று

நம்ம ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர் இது. உப்புக் காற்றில் பல்பைப் பிடிக்கும் பித்தளைத் தகடு பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். பல்பு நல்லதாக இருந்தாலும் எரியாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தகட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக வளைத்தால் சரியாகும். (உப்புக்கு உப்புத்தாள்!)

கலர் மோகம்

வெள்ளை எல்.இ.டி. என்பது நீல விளக்கின் மேல் மஞ்சள் பொடி பூசியதுதான். அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்த 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் தூக்கலாக இருந்தால் ராத்திரியில் கண் கூசும். இளமஞ்சள் வெள்ளையே நல்லது.

ஆனால் நம் இளவட்டங்களுக்கு அது போதவில்லை. சீட்டுக்கு அடியில் நீலம், கூரையில் சிகப்பு என்று கலர் பட்டையாக ஒட்டுகிறார்கள். இதற்காக ஒயரை வெட்டி, தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றுகிறார்கள். ஆபத்து இங்கேதான்! டேப் வெயிலில் பிசுபிசுத்து அவிழும். ஒயர் தகரத்தில் உரசும். பியூசும் சரியில்லை என்றால் வண்டி பற்றி எரியும். பியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் வேறு போட வேண்டும். கம்பி சுற்றுவது கொள்ளி வைப்பதற்குச் சமம்.

மினுக்கும் சிகப்பு, நீல விளக்கு வெளியே தெரிந்தால் போலீசும் பிடிக்கும். 2017 மே 1-ந்தேதி முதல் மந்திரி காரிலேயே சிகப்பு சுழல் விளக்கு கிடையாது! ஹெட்லைட்டிலும் கை வைக்காதீர்கள். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது எமன்.

கதவுக்கு மேலே 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்துத் துணியைப் பிரிக்கவே கூடாது.

கழற்றிய பழைய பல்பைத் தூக்கி எறியாதீர்கள். காகிதத்தில் சுற்றி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். புதுசு போய்விட்டால் அன்றைக்கு அதுதான் கைகொடுக்கும்.