ஒளிப்பட நெகட்டிவ், ஸ்லைடுகளை வீட்டிலேயே மின்வருடல்

ஒளிப்பட நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் மின்வருடல் என்பது, பிலிமின் ஊடாக ஒளியைச் செலுத்தி, அதில் பதிந்துள்ள படத்தை ஸ்கேனர் அல்லது எண்ணிமக் கேமரா கொண்டு கணினிக் கோப்பாக மாற்றும் பணியாகும். எண்ணிமக் கேமராக்கள் பரவுவதற்கு முன், அதாவது ஏறத்தாழ 2005 வரை, தமிழ்நாட்டு வீடுகளில் எடுக்கப்பட்ட திருமணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் பெரும்பாலும் பிலிமில்தான் உள்ளன. ஆல்பத்தில் இருக்கும் பிரிண்ட் மங்கிவிட்டாலும், கிழிந்துவிட்டாலும், நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால் படத்தை மீட்கலாம். நெகட்டிவ்வே மூலம், பிரிண்ட் அதன் படி.

தமிழ்நாட்டில் நெகட்டிவ்கள்

தமிழகத்தில் நெகட்டிவ்வின் வரலாறு 160 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லினேயஸ் ட்ரைப் என்னும் படை அதிகாரி, மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய இடங்களுடன் புதுக்கோட்டையையும் படம் எடுத்தார். புதுக்கோட்டைப் படங்கள் 1858இல் தனித் தொகுதியாகவே வெளிவந்தன. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். பின்னர் கண்ணாடித் தகடுகளும், அதன்பின் வளையும் பிலிமும் வந்தன. 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 'இந்து' என்ற வணிகப் பெயரில் கருப்பு வெள்ளை பிலிம்களைத் தயாரித்தது. பழைய உறைகளில் இப்பெயரை இன்றும் காணலாம்.

இவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின. கருப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி உலோகம் இருப்பதால், அதைப் பிரித்தெடுப்பதற்காக எடைக்கு விற்கப்பட்டவையும் உண்டு. எஞ்சிய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் 'அழிவுநிலை ஆவணங்கள் திட்டம்' வழங்கிய உதவியுடன் மேற்கொண்டது. வீடுகளில் இருப்பவற்றைக் காப்பது அந்தந்தக் குடும்பத்தின் கையில்தான் உள்ளது.

பிலிமின் அமைப்பும் வகைகளும்

பிலிமில் இரண்டு முக்கிய அடுக்குகள் உள்ளன. ஒன்று, தாங்கியாக அமையும் பிளாஸ்டிக் தளம். மற்றொன்று, படம் பதியும் ஜெலட்டின் பூச்சு. பளபளப்பான பக்கம் தளம். சற்று மங்கலான பக்கம் பூச்சு. பிலிமின் ஓரத்தில் உள்ள எழுத்துகளும் எண்களும் நேராகப் படிக்கும்படி தெரிந்தால், தளப்பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது என்று பொருள். படமும் அப்போது இடவலம் மாறாமல் சரியாக இருக்கும்.

கருப்பு வெள்ளை நெகட்டிவ்: படம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஒளி அதிகம் பட்ட இடம் கருப்பாக இருக்கும்.

வண்ண நெகட்டிவ்: படம் சாயங்களால் ஆனது. முழுவதும் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். இது பழுது அன்று. சாயங்களின் குறையை ஈடுசெய்யத் தயாரிப்பிலேயே சேர்க்கப்பட்ட மறைப்பு.

ஸ்லைடு: கண்ணால் பார்க்கும்போதே இயல்பான நிறத்தில் தெரியும் நேர்படம். பெரும்பாலும் 5 செ.மீ. சதுர அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். பள்ளி, கல்லூரிகளில் புரொஜெக்டரில் காட்டப் பயன்பட்டது.

வீடுகளில் பரவலாகக் கிடைப்பது 35 மி.மீ. பிலிம், அதில் ஒரு படத்தின் அளவு 24 × 36 மி.மீ. பழைய பெட்டிக் கேமராக்களிலும் ஸ்டுடியோக்களிலும் 120 வகை அகல பிலிம் பயன்பட்டது. அதில் சதுரப் படத்தின் பக்கம் சுமார் 56 மி.மீ.

ஏன் காலம் தாழ்த்தக் கூடாது

அசிட்டேட் தளம் கொண்ட பிலிம், வெப்பமும் ஈரப்பதமும் சேரும்போது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். உறையைத் திறந்ததும் புளிக்காடி வாசனை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது எனலாம். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், வாசனை வரும் பிலிம்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். முற்றிய நிலையில் தளம் சுருங்கி, பூச்சு வரிவரியாக மடிந்துவிடும். அதன்பின் மீட்பது மிகக் கடினம்.

இரண்டாவது பகை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் தேங்கும் ஈரத்தில் ஜெலட்டின் பூஞ்சைக்கு உணவாகிறது. மூன்றாவது, புயலும் வெள்ளமும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஏராளமான வீடுகளின் கூரைகள் பறந்தன. அத்தகைய நாளில் எடுத்து ஓடும் பொருள்களின் பட்டியலில் நெகட்டிவ் உறை இருப்பதில்லை.

நான்காவது காரணம் வேதியியல் சார்ந்ததன்று. படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது பிலிமில் பதிவதில்லை. அதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத முகத்தை எவ்வளவு தெளிவாக மின்வருடினாலும் அது பெயர் தெரியாத முகமாகவே இருக்கும்.

கருவிகள்

அலுவலகங்களில் உள்ள சாதாரணத் தட்டு ஸ்கேனர் இதற்குப் பயன்படாது. அது தாளின்மீது ஒளியைப் பாய்ச்சி, எதிரொளிப்பதைப் பதிவுசெய்கிறது. பிலிமுக்கோ ஒளி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவர வேண்டும். பயன்படும் முறைகள் வருமாறு:

1. மூடியில் விளக்கு உள்ள தட்டு ஸ்கேனர். எப்சன் வி600, வி850 போன்றவை இவ்வகை. 120 பிலிமுக்கு மிக ஏற்றது, 35 மி.மீ. பிலிமுக்கு ஓரளவு போதும்.

2. பிலிம் ஸ்கேனர். பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்பிலிம், தயாரிப்பு நின்றுவிட்ட நிக்கான் கூல்ஸ்கேன் ஆகியவை எடுத்துக்காட்டுகள். 35 மி.மீ. பிலிமில் நுண்விவரங்களை நன்கு பிரித்துக் காட்டும். வேலை மெதுவாக நடக்கும்.

3. கேமரா முறை. எல்இடி ஒளிப்பலகையின்மேல் பிலிமை வைத்து, மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவால் படம் எடுப்பது. ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்களுக்குச் செலவு குறைவு, வேகம் அதிகம்.

4. கைப்பேசி முறை. மடிக்கணினியின் திரையை வெள்ளையாக்கி, அதற்கு மேல் சில செ.மீ. உயரத்தில் பால்நிற அக்ரிலிக் தகட்டை வைத்து, அதன்மேல் பிலிமை வைத்துப் படம் எடுக்கலாம். இடைவெளி விடாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் தெரியும். தரம் குறைவே. எனினும் எந்த நெகட்டிவ்வில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட இது போதும்.

தெளிவுத்திறன்: ஒரு கணக்கு

தெளிவுத்திறன் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்று அளக்கப்படுகிறது. இது டிபிஐ எனப்படும். 35 மி.மீ. படத்தின் நீளம் 36 மி.மீ., அதாவது சுமார் 1.42 அங்குலம், அகலம் 24 மி.மீ., சுமார் 0.945 அங்குலம். 2400 டிபிஐயில் மின்வருடினால் ஏறத்தாழ 3400 × 2270 புள்ளிகள் கிடைக்கும். இது சுமார் 77 இலட்சம் புள்ளிகள். 4000 டிபிஐயில் 5670 × 3780, அதாவது சுமார் 2 கோடியே 14 இலட்சம் புள்ளிகள்.

அச்சிடும்போது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. ஆகவே 2400 டிபிஐ கோப்பிலிருந்து சுமார் 11 × 7.5 அங்குலப் பிரிண்ட் எடுக்கலாம். குடும்பப் படங்களுக்கு இதுவே போதும். தட்டு ஸ்கேனரின் பெட்டியில் 6400 டிபிஐ என அச்சிட்டிருந்தாலும், அது உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதியைக்கூட எட்டாது. அளவைக் கூட்டினால் கோப்புதான் பெருக்கும், விவரம் கூடாது.

மற்றோர் அளவு ஒளி அடர்த்தி. இது மடக்கை அளவு: அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியும், 2 என்றால் நூறில் ஒரு பங்கும், 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஊடுருவும். ஸ்லைடின் கரிய பகுதிகள் 3ஐத் தாண்டுவதால், மலிவான கருவிகளில் நிழல்பகுதி வெறும் கருப்பாகிவிடும். நெகட்டிவ்வின் அடர்த்தி வீச்சு இதைவிடக் குறைவு. ஆனால் அக்குறுகிய வீச்சைப் பின்னர் கணினியில் விரித்துக் காட்ட வேண்டியிருப்பதால், ஒரு நிறத்துக்கு 8 பிட்டுக்குப் பதில் 16 பிட்டில் பதிவது நல்லது.

செய்முறை

1. முதலில் எல்லாவற்றையும் கைப்பேசி முறையில் படமெடுத்துப் பட்டியலிடவும். அதைப் பெரியவர்களிடம் காட்டிப் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதவும்.

2. வரிசையை முடிவு செய்யவும். புளிக்காடி வாசனை உள்ளவை முதலில். அடுத்து, சாயம் மங்கக்கூடிய வண்ணப் படங்கள். கடைசியாக, நல்ல நிலையில் உள்ள கருப்பு வெள்ளை.

3. மின்விசிறியை நிறுத்தவும். பருத்திக் கையுறை அணிந்து, பிலிமை ஓரங்களில் மட்டும் பிடிக்கவும். ரப்பர் ஊதுகுழலாலும் மென்தூரிகையாலும் தூசியை நீக்கவும். வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் போகாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும்.

4. சுருண்ட பிலிமை உறையிட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் தட்டையாகும். பிலிம் கண்ணாடியில் நேரடியாகப் படிந்தால் 'நியூட்டன் வளையங்கள்' எனும் வண்ண வளையங்கள் தோன்றும். ஆகவே ஸ்கேனருடன் வரும் பிலிம் சட்டத்தைப் பயன்படுத்தவும்.

5. கேமரா முறையில், கேமராவும் பிலிமும் இணையாக இருக்க வேண்டும். பிலிம் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்துப் பார்க்கவும். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் தெரிந்தால் இணை சரி. ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8, இரண்டு வினாடித் தாமதம், ரா கோப்பு ஆகியவை பொருத்தமான அமைப்புகள். பிலிமைச் சுற்றியுள்ள ஒளியைக் கருப்பு அட்டையால் மறைக்கவும்.

6. படத்தைத் தலைகீழாக்கவும். கருப்பு வெள்ளையில் நேரடி எதிர்மாற்றமே போதும். வண்ண நெகட்டிவ்வில் முதலில் படமில்லாத ஓரப் பகுதியைக் கொண்டு ஆரஞ்சு மறைப்பை அளந்து நீக்கி, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிளில் இதற்கெனவே 'நெகடாக்டர்' என்ற பகுதி உள்ளது. கிம்ப்பிலும் செய்யலாம்.

சில ஸ்கேனர்களில் அகச்சிவப்புக் கதிர் கொண்டு தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி உண்டு. வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காது, தூசி தடுக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து தூசி எங்குள்ளது என்று கருவி அறிகிறது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால், வழக்கமான கருப்பு வெள்ளை பிலிமுக்கு இவ்வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

கோப்புகளைச் சேமித்தல்

திருத்தம் செய்யாத முதற்கோப்பை டிஃப் வடிவிலும், உறவினருக்கு அனுப்பும் படியை ஜேபெக் வடிவிலும் வைக்கலாம். 2400 டிபிஐ, 16 பிட் வண்ணக் கோப்பு ஒன்று சுமார் 46 மெகாபைட். 36 படம் கொண்ட ஒரு ரோலுக்கு ஏறத்தாழ 1.7 கிகாபைட் ஆகும். கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி, ரோல் எண், படத்தின் எண் ஆகியவை இருக்கட்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒரு படி வேறு ஊரில் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் விதி.

எச்சரிக்கைகள்

1950களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். மஞ்சளித்து, பிசுபிசுப்பாகிவிட்ட மிகப் பழைய பிலிம்களை வீட்டில் கையாளாமல் ஆவணக் காப்பகங்களின் உதவியை நாடவும்.

வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய நெகட்டிவ்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. அப்படியே காயவிடவும் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, மெல்லப் பிரித்து, நிழலில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஈரமான ஜெலட்டின் மிக மென்மையானது; பூச்சுப் பக்கத்தில் விரல் படக் கூடாது.

பதிப்புரிமை பற்றியும் ஐயம் எழுவதுண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்ன வாடிக்கையாளரே.

மின்வருடிய பிறகு

மின்வருடியதும் நெகட்டிவ்வை எறிந்துவிடக் கூடாது. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகலாம். நன்கு பேணிய கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள் நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளன. பிவிசி உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற காகித உறையிலோ பாலிபுரொப்பிலீன் உறையிலோ இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைக்கவும். பரண் கோடையில் கொதிக்கும். தரையோரம் மழையில் நனையும். இரண்டும் ஆகா. உறையின்மேல் பென்சிலால் எழுதிய பெயர்களின் பட்டியல் ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும். கணினி இல்லாமலும் அடுத்த தலைமுறை படிக்கக்கூடியது அதுவே.