“உள்ளேன் ஐயா!” – அது மட்டும் போதுமா?

காலை மணி அடித்ததும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். “உள்ளேன் ஐயா!” என்கிறீர்கள். உங்கள் பெயருக்கு நேரே ஒரு குறி விழுகிறது. அந்தக் குறிக்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று யோசித்தது உண்டா?

புதுச்சேரி சாரத்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 8-ஆம் வகுப்பில் மாலாவும் சேகரும் படிக்கிறார்கள். 50 வேலை நாட்களில் இருவரும் 10 நாட்கள் வரவில்லை. ஆகவே இருவருக்கும் வருகை 80 சதவீதம்தான். ஆனால் மாலா காய்ச்சலால் தொடர்ந்து 10 நாட்கள் படுத்துவிட்டாள். இயற்கணிதத்தின் தொடக்கமே அவளுக்குத் தவறிவிட்டது. சேகரோ வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் காய்கறிக் கடைக்கு உதவப் போய்விடுகிறான். எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுப்போகிறது. சதவீதம் ஒன்று; காரணமும் இழப்பும் வேறு வேறு.

சரி, எல்லோரும் தவறாமல் வந்துவிட்டால் மதிப்பெண் உயர்ந்துவிடுமா? சோதனை செய்துதானே பார்க்க வேண்டும்!

கென்யா நாட்டில் 1998-இல் அப்படி ஒரு சோதனை தொடங்கியது. 75 பள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னரும் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். புழுத் தொல்லை இருந்தால் சோர்வு வரும் அல்லவா? பள்ளிக்கு வராமை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது என்று மிகுவேல், கிரெமர் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் எழுதினார்கள். ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை!

நம் நாட்டிலே, இராஜஸ்தானின் உதய்பூர்ப் பகுதியில், 2003-இல் வேறொரு சோதனை. இங்கே கணக்கெடுத்தது ஆசிரியரின் வருகையை! ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர்கள், மாணவர்களுடன் காலையிலும் மாலையிலும் தேதியும் நேரமும் பதியும் காமிராவில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த நாட்களுக்கு ஏற்பச் சம்பளம். ஆசிரியர் வராமை 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெஞ்சு நிறைந்தால் மட்டும் போதாது. அங்கே பாடமும் நடக்க வேண்டும்.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். ஆசிரியரின் அனுமதியுடன், யார் பெயரையும் எழுதாமல், ஒரு மாதம் குறித்து வாருங்கள்: வராத நாட்களில் நோயால் எத்தனை, மழையால் எத்தனை, வீட்டு வேலையால் எத்தனை? பட்டை வரைபடம் வரையுங்கள். எந்தப் பட்டை உயரம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மாறுகிறதா?

இன்று வராத நண்பருக்குப் பாடக் குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மறந்துவிடாதீர்கள்!