பத்து வினாடித் தாள்

பட்டாபிராமில் எங்கள் தெருப் பெரியம்மா மஞ்சள் பையிலிருந்து மடித்த ஈசிஜி தாளை எடுத்து நீட்டினார். "ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சுதுப்பா. காலைல போய் எடுத்தா நார்மல்னுட்டாங்க." போன வருடத்துத் தாள். கோடுகள் பாதி வெளுத்துவிட்டன.

நார்மல் என்றால்?

வழக்கமான ஈசிஜி சுமார் 10 வினாடிகளைத்தான் பதிவு செய்கிறது. ராத்திரி வந்துபோன படபடப்பு காலைத் தாளில் எப்படித் தெரியும்? அடிக்கடி வந்தால், 24 மணி நேரம் உடம்போடு இருந்து பதியும் ஹோல்ட்டர் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படபடப்பு இருக்கும்போதே எடுக்கிற ஈசிஜிக்கு மதிப்பு அதிகம்.

கட்டங்களை எண்ணுங்கள்

தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. கூரான உயரக் கோடு, கீழறைகள் சுருங்குவதற்கான மின்துடிப்பு. அதற்கு முன்னால் வரும் சின்ன மேடு மேலறைகளுடையது. இரண்டு கூர்களுக்கு நடுவே 4 பெரிய கட்டங்கள் என்றால், 300-ஐ 4-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 75 துடிப்பு. ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. இடைவெளிகள் தாறுமாறாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. 30 பெரிய கட்டங்களில் உள்ள கூர்களை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும்.

தாளம் தப்பினால்

எல்லாமே ஆபத்தில்லை. இளம் வயதினருக்கு மூச்சோடு சேர்ந்து துடிப்பு கூடிக் குறைவது இயற்கை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பிறகு சற்று நின்று தொடர்வதும் நல்ல இதயத்தில் பெரும்பாலும் தொல்லையில்லை.

கவலைப்பட வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சின்ன மேடு காணாமல் போகும், அடிக்கோடு நடுங்கும், கூர்கள் எந்த ஒழுங்கிலும் வராது. மேலறை சுருங்காமல் வெறுமனே துடிதுடிப்பதால் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தாளைக் காப்பாற்றுங்கள்

ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது. நாளாக நாளாக மங்கும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போடுங்கள், கைபேசியிலும் படம் பிடியுங்கள். பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் பிடிபடும்.

மறுபரிசோதனைக்குப் பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், சாலைக்கு எதிரே ஜி.எச். எனும் அரசு பொது மருத்துவமனை. ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு படபடப்பு வந்தால் ரயிலுக்கு நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.