முதுமையிற் கைவலிமை



காலையில் எழுந்ததும் வாளியைத் தூக்குகிறோம். துவாயை முறுக்கிப் பிழிகிறோம். சட்டைத் தெறியைப் பூட்டுகிறோம். திறப்பைத் திருப்பிக் கதவைத் திறக்கிறோம். இவையாவும் கைப்பிடியின் வலிமையால் நிகழ்வன என்பதை நாம் நினைப்பதில்லை. மருந்துப் போத்தலின் மூடியைத் திறக்கப் பேரப்பிள்ளையை அழைக்கும் நாள் வரும்போதே அதன் அருமை புலப்படுகின்றது. அன்று குறைவது வலிமை மாத்திரமன்று. பிறர் கையை எதிர்பாராது வாழும் வாழ்வுமாகும்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்னங்கையில் உள்ளன. அவற்றினின்று புறப்படும் தசைநாண்கள், மணிக்கட்டினூடே சென்று, விரலெலும்புகளைக் கயிறுபோல் இழுக்கின்றன. இளமையில் உச்சநிலை எய்தும் இவ்வலிமை, ஐம்பது வயதின்பின் படிப்படியாகத் தளர்கின்றது.

ஒரு சிறு கருவியை இறுகப் பற்றச் செய்து மருத்துவர் இதனை அளப்பர். ஆண்களுக்கு 28 கிலோகிராமிலும், பெண்களுக்கு 18 கிலோகிராமிலும் குறைந்த பிடியைத் தசைநலிவின் அறிகுறியென ஆசிய நாட்டு நிபுணர் குழுவொன்று 2019 ஆம் ஆண்டில் வகுத்தது. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட முடிவின்படி, பிடி 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறக்கும் அபாயம் 16 வீதம் மிகுந்து காணப்பட்டது. கையே ஆயுளைத் தருகின்றது என்பது இதன் பொருளன்று. உடல் முழுவதன் வலிமையையும் கை காட்டுகின்றது என்பதே பொருள்.

இழந்த வலிமை மீளுமா? மீளும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், சராசரி 90 வயதுடைய முதியோர் சிலர் எட்டு வாரம் கால்தசைகளுக்குப் பயிற்சி செய்தனர். அவர்தம் கால்வலிமை சராசரி 174 வீதம் உயர்ந்ததென 1990 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. முதிர்ந்த தசையும் உழைப்புக்கு இணங்கும் என்பதற்கு இது சான்று.

ஆயின் நம் வீடுகளில் நிகழ்வது யாது? "நீங்கள் சும்மா இருங்கோ அம்மா, நாங்கள் செய்கிறோம்" என்று பிள்ளைகள் அன்போடு வேலையைப் பறித்துவிடுகின்றனர். உழைக்காத தசையோ விரைந்து சுருங்குகின்றது. தேங்காய் துருவுதல், பிட்டுக்கு மாக் குழைத்தல், சிறு துணி பிழிதல் ஆகியவற்றை இயன்றவரை முதியோரிடமே விடுங்கள். நேரம் சற்றுக் கூடினும் பொறுத்திருங்கள். சுருட்டிய துணியை ஐந்து விநாடி இறுகப் பற்றி விடுதலைப் பத்து முறை செய்யலாம். நோவு கண்டால் நிறுத்துக. கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியும், மீன், முட்டை, பயறு, பருப்பு முதலிய உணவும் உடன் வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். ஒரு பக்கத்துக் கை திடீரெனச் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, அது முதுமைத் தளர்ச்சியன்று; பாரிசவாதமாக இருக்கலாம். கணமும் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு விரைக.

முதியோரைத் தாங்குவது நம் கடமை. அவர் கைக்குரிய வேலையை அவர் கையிலேயே விட்டுவைப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே.