தலைப்பெழுத்தும் விசாவும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நமக்கு விமானம்தான் நினைவுக்கு வரும். என் தமக்கை மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல முயன்றபோதுதான், விமானத்திற்கு முன்னால் ஒரு காகித மலை நிற்பதைக் கண்டேன். அதற்காகத் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே அலைந்தவன் என்ற முறையில், நண்பர்களுக்குப் பயன்படட்டுமே என்று இதை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டு நம் அரசு தருவது. விசா, போகும் நாடு தருவது. இரண்டிலும் தமிழர்க்கு இடையூறு பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்தை விரித்தெழுத வேண்டும். சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயருக்குரிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' நிற்கும்! ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது.

எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. தந்தையார் பெயர் 'சாமி' என்று முடிவது. பிறப்புச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் ஆங்கிலத்தில் அப்படியே இருந்தது. கடவுச்சீட்டில் மட்டும் 'ஸ்வாமி' ஆகியிருந்தது. (நிலப்பட்டா தமிழில் இருந்ததால் தப்பியது!) செலவை ஏற்பவர் தந்தை, அவர் வேறு ஆளாகத் தெரிந்தால் எப்படி? கடவுச்சீட்டைத் திருத்த மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தோம். பழைய எழுத்துப்படி பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த 'ஐ-20' படிவத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் சேர்க்கைக் காலம் கடந்தது. ஓர் எழுத்துக்காக அக்காள் அரையாண்டு வீட்டிலிருந்தாள். ஆகவே கல்லூரியில் சேரும்போதே எல்லாச் சான்றிதழ்களையும் விரித்துவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

நேர்காணலுக்கு முன்பாக 'டி.எஸ்.160' என்னும் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் எனச் சென்னைக்கு இருமுறை போனோம். அண்ணா சாலைத் தூதரக வாயிலுக்குள் விண்ணப்பதாரரை மட்டுமே விட்டார்கள். நான் வெளியே நடைபாதையில் நின்றேன்.

1952ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவ விசா கேட்பவரை அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே முதலில் கருதுகிறது. அப்படியன்று என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அதிகாரிக்கு நேரம் மிகக் குறைவு. மனப்பாடம் செய்த விடை அங்கே எடுபடாது. நேற்றுக் கடன் வாங்கிப் போட்ட வங்கி இருப்பும் ஐயத்தையே கிளப்பும்.

அக்காளிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது, தந்தை என்ன தொழில். கடவுச்சீட்டையும் ஐ-20ஐயும் மட்டும் வாங்கிப் பார்த்தார்களாம். நாங்கள் ஆறு மாதம் சேர்த்த கோப்பு திறக்கப்படவே இல்லை. கடவுச்சீட்டை அவர்களே வைத்துக்கொண்டதும் விசா உறுதி என்று தெரிந்தது.

இப்போது அங்கே அக்காளை வகுப்பில் எல்லாரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை.