சொல்லாமல் விட்டவளும் சொல்லத் துணிந்தவளும்

தந்தி என்றாலே வீட்டில் எல்லோர் முகமும் வெளிறிப்போன காலம் அது. கு.ப.ராஜகோபாலனின் 'விடியுமா?' அப்படியொரு தந்தியில்தான் தொடங்குகிறது. சென்னை ஆஸ்பத்திரியில் குஞ்சம்மாளின் கணவர் கிடக்கிறார், நிலைமை மோசம். அவளும் தம்பியும் கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறுகிறார்கள்.

கு.ப.ரா.வைக் கும்பகோணத்துக்காரர் என்றே நினைக்கிறோம். ஆனால் பிள்ளைப் பருவத்தில் அவர் படித்தது திருவானைக்காவலை அடுத்த கொண்டயம்பேட்டையில். இன்டர்மீடியட் திருச்சி தேசியக் கல்லூரியில். 1944இல் காலமாவதற்கு முன் ஆசிரியராக இருந்த 'கிராம ஊழியன்' துறையூரிலிருந்து வந்தது. திருச்சிக்கும் அவர்மேல் உரிமை உண்டு.

'விடியுமா?' கதையைச் சொல்வது தம்பி. அக்காவின் முகம், பாதியில் நிற்கும் பேச்சு, பெருமூச்சு இவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கிறது. அவள் வாழ்க்கை இனிக்கவில்லை என்பது நமக்குத் துணுக்குத் துணுக்காகத் தெரியவருகிறது. பொழுது விடியுமா, அவர் பிழைப்பாரா என்ற இரண்டு கேள்விகளையும் தலைப்பின் ஒரே சொல் சுமக்கிறது. விடிகிறபோது சாவுச் செய்தி வருகிறது. கூடவே, இரவெல்லாம் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்குகிறது. அது வெறும் தவிப்பு ஓய்ந்த அமைதியா, விடுதலையா? கு.ப.ரா. சொல்வதில்லை.

1894இல் அமெரிக்காவின் கேட் சோப்பின் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை'யிலும் ரயில் உண்டு, கணவன் இறந்த செய்தி உண்டு. ஆனால் சோப்பின், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டவளின் மனதுக்குள்ளேயே போய், அவள் வாயாலேயே விடுதலையைச் சொல்ல வைத்தார். கணவன் உயிரோடு வந்து நிற்க, அவள் இறந்துபோகிறாள். விதவைக்கு முக்காடும் மூலையும் காத்திருந்த அக்கிரகாரத்தில் குஞ்சம்மாள் அதை முணுமுணுத்திருக்கக்கூட முடியாது. அதனால்தான் தம்பியின் கண்.

அடுத்த தலைமுறையில், அதே திருச்சிப் பக்கத்தில், ஸ்ரீரங்கத்துத் தெருக்களின் பெண்களை எழுதியவர் சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைக'ளிலும் பார்க்கிறவன் பையன்தான். பெண் அவனைக் கடந்து போகிறவள். எழுதிய ரங்கராஜன் புனைபெயராக வைத்துக்கொண்டதோ மனைவி சுஜாதாவின் பெயர். அட்டையில் பெண், கதைக்குள் ஆண் பார்வை.

திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் இருக்கும் துவரங்குறிச்சியிலிருந்து சல்மா வந்தபோது இது தலைகீழானது. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டாருக்குத் தெரியாமல் ராத்திரியில் எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர். 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் பிர்தவ்ஸ் முதலிரவிலேயே கணவனை வேண்டாம் என்கிறாள். பெண்கள் கூடி உட்கார்ந்தால் உடம்பைப் பற்றியும் புருஷன்மாரைப் பற்றியும் கூசாமல் பேசுகிறார்கள். கு.ப.ரா. தன் பெயரை வெளிப்படையாகப் போட்டு, பாத்திரத்தின் மனதை மறைத்தார். சல்மா தன் பெயரை மறைத்து, பாத்திரங்களைப் பேச விட்டார். மறைப்பு ஒழியவில்லை, கதைக்குள்ளிருந்து அட்டைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இன்று பெயரை மறைக்கும் கட்டாயம் பலருக்கு இல்லை. தந்தியும் 2013 ஜூலையோடு நின்றது. ரயில் விழுப்புரம் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் சேதி வந்துவிடும் காலத்தில் குஞ்சம்மாளின் இரவை அப்படியே எழுத முடியாது. ஒரு ராத்திரி முழுக்க ஒன்றும் தெரியாமல் தவிப்பதில் பிறந்த அழுத்தத்தை, எல்லாம் உடனே தெரிந்துவிடுகிற கதையில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இன்று எழுதுகிறவர்களின் பாடு.