செய்தியைத் தெரிவு செய்பவர் யார்? வாசகரா, கம்பனியா?

வாடிக்கையாளர் கேட்ட சாமானைக் கொடுப்பவன் ஒரு வகை வியாபாரி. தன்னிடம் தேங்கிக் கிடப்பதை அவர் தலையில் கட்டிவிடுபவன் இன்னொரு வகை. இரண்டாமவனுக்கு அன்றைய கல்லா நிறையலாம். ஆனால் ஆள் திரும்பி வரமாட்டார். இணையத்தில் செய்தி விற்பவர்களுக்கும் இதே விதிதான்.

இன்று நம்மில் அதிகமானோர் செய்தியைப் பார்ப்பது கைத்தொலைபேசியில். பத்திரிகையில் எது முன்பக்கத்தில் வரவேண்டும் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார். தொலைபேசியில் அதைத் தீர்மானிப்பது யார்? பாவனையாளரின் விருப்பத்துக்கேற்ப செய்தியை ஒழுங்கு செய்து தருவதாகத்தான் எல்லாக் கம்பனிகளும் சொல்கின்றன. உண்மையில் வாசகர் கேட்பது ஒன்று, கிடைப்பது வேறொன்று.

இதற்கு நல்ல பாடம் டிக் என்ற அமெரிக்கத் தளம். 2004 இல் தொடங்கப்பட்ட இதில் செய்தியைக் கொண்டுவருவதும் வாசகர்கள், வாக்களித்து மேலே ஏற்றுவதும் வாசகர்கள். பிடிக்காததைப் புதைக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. 2008 இல் கூகிள் இதை சுமார் 20 கோடி டொலருக்கு வாங்கப் பேசியதாகச் செய்திகள் வந்தன. 2010 ஆகஸ்டில் தளத்தைப் புதிதாக மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி முன்பக்கம் கொடுத்தார்கள். ஆனால் புதைக்கும் பொத்தானை எடுத்துவிட்டார்கள். பெரிய ஊடக நிறுவனங்களின் செய்திகள் தாமாகவே வந்து குவிய வழியும் விட்டார்கள். வாசகர்கள் கோபித்துக்கொண்டு போட்டித் தளமான ரெடிட்டின் செய்திகளை டிக்கின் முன்பக்கத்திலேயே ஏற்றினார்கள். பின்னர் கூட்டமாக அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். 2012 இல் டிக்கின் பெயரும் தளமும் சுமார் 5 இலட்சம் டொலருக்குக் கைமாறின. 2005 இல் தொடங்கி, 2008 முதல் வாசகர்களே தமக்கு வேண்டிய பிரிவுகளை உருவாக்க இடம்கொடுத்த ரெடிட், 2024 மார்ச்சில் நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. தெரிவு செய்யும் உரிமையை வாடிக்கையாளரிடமிருந்து பிடுங்கியவன் கடையை இழந்தான் என்பதே இதன் சாரம்.

சரி, வாசகர் கேட்பது என்ன? ஓப்பநாயக்கவில் கடை வைத்திருக்கும் ஒருவனாக என் தேவையைச் சொல்கிறேன்.

முதலாவது, ஊர். மழைக்காலத்தில் எனக்கு முதலில் வேண்டியது மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத்தான் வெளியிடுகிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் பட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த எச்சரிக்கை சினிமாச் செய்திக்குக் கீழே கிடந்தால் பயனில்லை.

இரண்டாவது, துறை. கொழும்புத் தேயிலை ஏலத்தின் போக்கு, மிளகு, கராம்பு, கறுவா விலை. கொழுந்துக் காசு கையில் வந்தால்தான் எங்கள் கடைகளில் கடன் கொப்பி குறையும்.

மூன்றாவது, மொழி. தமிழில் வாசிக்கும் அதேவேளை, அரசாங்க அறிவித்தலைச் சிங்களத்திலும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நேர ஒழுங்கு. மூன்று நாள் பழைய செய்தி இன்றையது போல மேலே வரக்கூடாது.

ஐந்தாவது, வேண்டாததைத் தடுக்கவும், ஒரு செய்தி ஏன் எனக்குக் காட்டப்படுகிறது என்று அறியவும் உரிமை.

இவற்றில் சில இப்போது இருக்கின்றன. பேஸ்புக்கில் ஒரு பதிவு ஏன் வந்தது என்று பார்க்கும் வசதி 2019 இல் வந்தது. நேர ஒழுங்கில் பார்க்கும் தனிப் பக்கம் 2022 இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், பாவனையாளரின் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காத ஒரு தெரிவையாவது பெரிய தளங்கள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் இந்த வசதிகள் உள்ளறையில் வைத்த சாமான் போல. கேட்டுத் தேடினால்தான் கிடைக்கும். காரணம் எளிது. இந்தக் கம்பனிகளின் வருமானம் விளம்பரம். ஆள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்கு வரவு. கோபமும் பயமும் ஆளை அதிக நேரம் இருத்திவைக்கும்.

அதன் விலையை நாம் கொடுத்திருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்ததில் அது வெறும் மாக்கட்டி. வதந்தி ஓடிய வேகத்தில் அந்த முடிவு ஓடவில்லை. மார்ச்சில், தாக்கப்பட்ட ஒரு சாரதியின் மரணத்தை அடுத்து திகனவிலும் சூழவுள்ள ஊர்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தடை செய்தது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வர்த்தகர் பேஸ்புக்கில் எழுதிய ஒற்றை வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, அங்கு தொடங்கிய வன்செயல் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று பரவியது. 2018 சம்பவங்களில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு மன்னிப்பு கூரையாகுமா?

ஆகவே 'எனக்குப் பிடித்ததை மட்டும் காட்டு' என்று கேட்பதிலும் ஆபத்து இருக்கிறது. எங்கள் பஸாரில் சிங்களவர், தோட்டத்துத் தமிழர், முஸ்லிம்கள் பக்கத்துப் பக்கத்தில் வியாபாரம் செய்கிறோம். தேநீர் ஒரே கடையில். ஆனால் ஒவ்வொருவர் தொலைபேசியிலும் ஓடுவது வேறு வேறு நாடு. பக்கத்துக் கடைக்காரர் எங்களைப் பற்றி என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வாசித்தது அவருக்குத் தெரியாது. எனவே நான் இன்னும் ஒரு வசதியைக் கேட்பேன்: பொய்ச் செய்தி யார் யார் கண்ணில் பட்டதோ, அதன் மறுப்பும் அதே ஆட்களின் கண்ணில், அதே மொழியில் பட வேண்டும். பிழையான சாமானை விற்றவன் வாங்கியவர் வீடு தேடிப் போய் மாற்றிக்கொடுப்பதுதான் வியாபார நேர்மை.

கம்பனிகள் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பேஸ்புக்கில் நம்பகமான ஊடகங்களையும் அரச நிறுவனங்களையும் விருப்பப் பட்டியலில் சேருங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது நேர ஒழுங்குப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆத்திரமூட்டும் பக்கங்களைத் தடுத்துவிடுங்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவதும் அவற்றை மேலே தூக்கிவிடும். கடைப் பெயரில் இயங்கும் கணக்கில் அரசியல் எழுத வேண்டாம் என்று வேலைசெய்யும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். சிங்களச் செய்தித் தளம் ஒன்றையும் பின்தொடருங்கள். பக்கத்துக் கடைக்காரரோடு பேச அது உதவும்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நம்மை ஏவுகிறது. தராசைச் சரிபார்த்து நிறுக்கும் வியாபாரிக்கு இது புதிய பழக்கமல்ல. பகிரும் விரலுக்கும் அதே தராசை வைத்தால் போதும், இன்ஷா அல்லாஹ்.